வறளாத மாதங்களின் காடு

தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில் ரப்பர் பால்மரங்கள் இலை உதிர்க்கும். பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு இது மறக்கக்கூடியதல்ல. இலை சிவக்கும், உதிரும், பால் குறையும், கூலியும் குறையும். பினாங்கில் மழை மிகவும் சுணங்கும் பருவம் அது. அதே நாட்களில் செபராங் பிறையின் பத்து காவான் கரையில் நின்று நீரிணைக்கு அப்பால் தீவைப் பாருங்கள். கொடிமலையின் பச்சையில் ஒரு சாயல்கூட இறங்கியிருக்காது. அங்கேயும் மரங்கள் இலை உதிர்க்கத்தான் செய்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது, தனித்தனியே. ஒன்று உதிர்க்கும்போது பக்கத்து மரம் தளிர்த்துக்கொண்டிருக்கும்.

மழைக்காடு என்றால் கொட்டித் தீர்க்கும் மழையைத்தான் நினைக்கிறோம். மழையளவில் சிரபுஞ்சி பினாங்கைப் பல மடங்கு விஞ்சும். ஆனால் அங்கே குளிர்காலத்தில் குடிநீருக்கே அலைய வேண்டியிருக்கிறது. பூமத்திய ரேகைக் காட்டை உண்டாக்குவது மழையின் இடைவிடாமை. தட்பவெப்ப வகைகளைப் பிரித்த விளாடிமிர் கோப்பென் வைத்த அளவு இது: மிக வறண்ட மாதத்திலும் 60 மில்லிமீட்டர் பெய்ய வேண்டும். வடக்கே பெர்லிஸ் பக்கம் போனால் வறட்சி நீள்கிறது, காட்டின் முகமும் மாறுகிறது. அந்த மாற்றம் நிகழும் எல்லையைத் தாவரவியலார் காங்கார்-பட்டாணி கோடு என்கிறார்கள். பினாங்கு அதற்குச் சற்றுத் தெற்கே, ஓரத்தில் நின்றாலும் மழைக்காட்டின் பக்கமாகவே நிற்கிறது.

இந்த மழை வந்து சேரும் விதமே அழகு. தென்மேற்குப் பருவக்காற்றைச் சுமத்ராவின் மலைகள் தடுக்கின்றன. வடகிழக்குக் காற்றைத் தித்திவாங்சா மலைத்தொடர் தடுக்கிறது. இரண்டு பருவங்களும் வாசலிலேயே நின்றுவிட, அவை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் ஆண்டின் கடைசிப் பகுதியிலும் மழை வலுக்கிறது. காலையில் வெயில் நிலத்தைச் சூடாக்கும், ஈரக்காற்று மேலெழும்பும், பிற்பகலில் மேகம் முற்றிக் கொட்டிவிட்டுப் போகும்.

இந்தத் தட்பவெப்பத்தை ஓர் இலையிலேயே படித்துவிடலாம். நுனி நீண்டு கூராக முடிந்திருக்கும்; தண்ணீர் அதன் வழியே சொட்டி இறங்க, இலைப்பரப்பு சீக்கிரம் காயும். பல மரங்களின் தளிர்கள் பிறக்கும்போது சிவந்து, துவண்டு தொங்கும். விறைத்த பிறகே பச்சை ஏறும். பசுமையின் நடுவே அந்தச் செந்தளிர்க் கொத்துகளை முதலில் பார்ப்பவர் பூ என்றே நினைப்பார்.

எனக்கு மிகவும் பிடித்தது செராயா மரம். பத்து காவானிலிருந்து மலை ஒரே பச்சைத் திட்டு. 2014-இல் திறந்த இரண்டாம் பாலத்தைக் கடந்து, தீவுக்குள் போய், மலையை நெருங்கும்போதுதான் பச்சை பல பச்சையாகப் பிரியும். முகடுகளில் சில தலைகள் மட்டும் சாம்பல் பூத்து வெளுத்துத் தெரியும். அவைதான் செராயா. அதன் அறிவியல் பெயரான ஷோரியா கர்டிசி, 1884-இல் பினாங்கு தாவரவியல் பூங்காவை உருவாக்கத் தொடங்கிய சார்லஸ் கர்டிஸை நினைவுகூர்கிறது. நம்மவர் தண்ணீர்மலை என்று காவடி எடுத்துப் போகும் அதே அடிவாரத்தில்தான் அந்தப் பூங்காவும் இருக்கிறது.

செராயாவின் குடும்பத்து மரங்கள் பெரும்பாலும் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சற்றே கூடிய வறட்சியோ சில இரவுகளின் சிறு குளிர்ச்சியோ அழைக்க, பல இனங்கள் சேர்ந்து பூத்துக் காய்க்கின்றன. ஆண்டெல்லாம் மாறாத வெப்பத்தில் அவ்வளவு சின்ன அசைவையும் மரம் கண்டுகொள்கிறது! இறக்கை முளைத்த காய்கள் சுழன்று சுழன்று இறங்கும். விதை மண்ணைத் தொட்டதும் முளைத்தாக வேண்டும். சில வாரங்கள் போனால் செத்துவிடும். கோடையைக் கடக்க வேண்டியிராத இந்த மண்ணில், காத்திருக்கும் குணம் அந்த விதைக்கு வாய்க்கவில்லை. பத்து காவான் கரையோரச் சேற்றில் மிஞ்சியிருக்கும் பாக்காவ் மரங்களின் விதையோ தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, பச்சை ஈட்டிபோல் நீண்டுவிடுகிறது. சதுப்புக் காடு வேறு வகைதான். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

காத்திருக்காத விதையை நெல்லைப்போல் உலர்த்திச் சேமிக்க முடியாது. மண்ணுக்குள்ளும் அது தங்காது. செராயாவுக்கு நிற்கும் தாய்மரம்தான் விதைக்கிடங்கு. கரும்புக்கும் ரப்பருக்கும் செம்பனைக்கும் பெருநிலக் காடுகளை எவ்வளவோ கொடுத்துவிட்டோம். 2021-இல் யுனெஸ்கோ கொடிமலையையும் அதைச் சூழ்ந்த காட்டையும் கடலையும் சேர்த்து 12,481 ஹெக்டரை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. அந்த எல்லைக்குள் நிற்கும் முகட்டு மரம் ஒன்றைக்கூடச் சாலைக்கோ கட்டடத்துக்கோ இனி விட்டுக்கொடுக்கக் கூடாது.