செம்பனைத் தோட்டத்தில் கொழுப்புப் பரிசோதனை

மலேசிய மருத்துவச் சங்கத்துக்கு மாநிலந்தோறும் கிளை உண்டு. நெகிரி செம்பிலானிலும் உண்டு. இத்தகைய சங்கங்கள் கொழுப்பு விழிப்புணர்வில் இறங்கினால் பெரும்பாலும் இரண்டு வேலை நடக்கும்: மக்களுக்கு ரத்தப் பரிசோதனை முகாம், மருத்துவர்களுக்குத் தொடர்கல்வி உரை. இரண்டும் தேவைதான். ஆனால் பகாவ், ரந்தாவ், லாபு பக்கத்துத் தோட்டங்களை வைத்துப் பார்த்தால், நடுவில் ஓர் ஆள் விடுபட்டுப் போகிறார்.

முகாமைக் குறைத்துப் பேச முடியாது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 38.1 விழுக்காட்டினருக்குக் கொழுப்பு அதிகம். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவருக்கு அது தெரியாது. விடியுமுன் பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு)ப் போய் நாள் முழுக்கக் குலை வெட்டுகிறவர், உழைக்கிற உடம்புக்கு என்ன வரும் என்றுதான் இருப்பார். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இண்டர்ஹார்ட் ஆய்வோ, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு ஏறத்தாழ 53 வயதிலேயே வருவதைக் காட்டியது. பிற நாட்டவரைவிட ஐந்தாறு ஆண்டு முந்தி.

இங்கேதான் முகாமின் முறை இடிக்கிறது. விரலில் குத்தி மொத்தக் கொழுப்பை மட்டும் பார்த்தால், லிட்டருக்கு 5.2 மில்லிமோலுக்குக் கீழே இருப்பவர் நிம்மதியாக வீடு திரும்புவார். நம்மவர்களிடம் அதிகம் காணப்படும் கோளாறு வேறு: டிரைகிளிசரைடு கூடும், நல்ல கொழுப்பு குறையும். மொத்த அளவு அதைக் காட்டிக் கொடுக்காமல் போகலாம்.

எண் கூடியவருக்கு மட்டும் என்ன வழி? அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் போய்வர ஒருநாள் சம்பளம் போய்விடும். வெறும் வயிற்றில் வரச் சொன்னால் பால்மரம் சீவுகிறவருக்கு அந்தக் காலையும் போச்சு. வழக்கமான சோதனைக்குப் பட்டினி அவசியமில்லை என்று ஐரோப்பிய வல்லுநர் குழுவே 2016இல் சொல்லிவிட்டது.

அடுத்து, உரைகள். மருத்துவர் ஆண்டுதோறும் தொழில்புரியும் சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும். ஆகவே உரைகளுக்குக் கூட்டம் வரும். மருந்து நிறுவனம் செலவை ஏற்றால் உரை மாத்திரையைச் சுற்றியே ஓடும் ஆபத்தும் உண்டு. தோட்டத்தில் தொழிலாளியை அடிக்கடி பார்ப்பவர் அவ்வப்போது வந்துபோகும் மருத்துவர் அல்லர், தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர். அளவு இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிட்டவரை அவருக்குத் தெரியும். அந்த உரை போய்ச் சேரவேண்டிய முதல் ஆள் அவர். எத்தனை பேரைச் சோதித்தோம் என்ற கணக்கைவிட, மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்ற கணக்கு பெரியது. அதை எழுதக்கூடியவரும் அவரே.

சாப்பாட்டு அறிவுரையிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு. அரசு மானியத்தில் ஒரு கிலோ பாக்கெட் இரண்டரை வெள்ளிக்குக் கிடைப்பதும் அதே எண்ணெய்தான். ‘எண்ணெயைக் குறையுங்கள்’ என்றால் வீட்டுக்காரம்மா குறைப்பார். வேறு எண்ணெய்க்கு மாறச் சொன்னால் காசுக்கு எங்கே போவார்? இந்த விலையைப் பற்றி அவரிடம் பேசிப் பயனில்லை. சங்கம் பேசவேண்டிய இடம் புத்ராஜெயா.