சொக்கட்டான் ஆடிய பெருமாள் ஊரிலிருந்து லாஸ் வேகஸ்

திருமலைப் பெருமாள் சொக்கட்டான் ஆடியவர். ஹாதிராம் பாவாஜி என்ற வடநாட்டுத் துறவியின் குடிலுக்கு இரவுதோறும் வந்து காய் உருட்டியவர், ஒருநாள் ஆரத்தை அங்கேயே விட்டுப் போனாராம். திருட்டுப் பழி பாவாஜி மேல் விழுந்தது. குற்றமற்றவர் என்று நிரூபிக்க, குவித்துவைத்த கரும்பை விடிவதற்குள் தின்று காட்டச் சொன்னார்கள். யானையாக வந்து தின்று தீர்த்தவரும் பெருமாளே என்கிறது கதை. அந்தத் துறவி பெயரிலான மடம்தான் 1843 முதல் 1933 வரை கோயிலை நிர்வகித்தது. ஆகவே திருப்பதியில் உட்கார்ந்து லாஸ் வேகஸ் பற்றிய நூல்களைப் படிப்பதில் தோஷம் ஒன்றும் இல்லை.

நெவாடா மாநிலம் 1931இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அறிஞர்கள் அந்தப் பாலைவன நகரை மதித்துப் பார்க்க வெகுகாலம் பிடித்தது. 1968இல் யேல் மாணவர்களுடன் அங்கே போன கட்டடக் கலைஞர்கள் ராபர்ட் வென்டூரியும் டெனிஸ் ஸ்காட் பிரவுனும், ஸ்டீவன் ஐசனவருடன் சேர்ந்து 1972இல் 'லேர்னிங் ஃப்ரம் லாஸ் வேகஸ்' நூலை வெளியிட்டார்கள். அவர்கள் கணக்கில், கட்டடமே விளம்பர உருவமாக நின்றால் அது 'வாத்து'; சாதாரணக் கட்டடத்தின் முன் பெரிய பலகை நின்றால் அது 'அலங்கரித்த கொட்டகை'. மலிவானது என்று மற்றவர்கள் ஒதுக்கியதை முகம் சுளிக்காமல் பார்த்தார்கள். அந்த நூலின் பெரிய பலம் அதுதான். திருப்பதிப் பேருந்து நிலையத்திலிருந்து மலையடிவாரத்து அலிபிரி வரை நடந்தால் அவர்கள் சொன்னது கண்முன் நிற்கும். எல்லா லாட்ஜும் ஒரே கான்கிரீட் பெட்டி. பேசுவதெல்லாம் நாமமும் சங்கு சக்கரமும் போட்ட பலகை.

ஆனால் சூதின் நன்மை தீமைக்குள் போகமாட்டோம், கட்டடம் எப்படிப் பேசுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்வோம் என்று அவர்களே கோடு போட்டார்கள். ஆய்வுக்கு எல்லை வேண்டும்தான். ஆனாலும் பலகை இழுத்து வந்த ஆள் உள்ளே என்ன ஆனார்? ஓடும் காரிலிருந்து பார்த்தால் படுக்கை விரிப்பு துவைப்பவர் தெரியமாட்டார். திருப்பதியின் பலகைகளை மட்டும் படித்தவருக்கும் மலைமேல் வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் தோளில் குழந்தையுடன் தரிசனத்துக்குக் காத்திருப்பவர் தெரியப்போவதில்லை.

லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகளுக்கு உள்ளே போனவர் மானிடவியலாளர் நடாஷா டவ் ஷூல். அவருடைய 'அடிக்‌ஷன் பை டிசைன்' (2012), ஸ்லாட் எந்திரத்தின் முன் இருப்பவர் ஜெயிக்க ஆடவில்லை, ஆட்டம் தரும் மயக்கத்திலேயே இருந்துகொள்ள ஆடுகிறார் என்கிறது. பழக்க அடிமைத்தனத்தை ஆடுபவரின் குணக்கேடு என்று மட்டும் விட்டுவிடாமல், எந்திரத்தை வடிவமைத்தவரின் மேசைக்கும் கொண்டுபோனது பெரிய காரியம். ஆனால் ஊர் அதில் ஓர் எந்திரக் கூடமாகச் சுருங்கிவிடுகிறது. அந்த ஊரிலேயே பேராசிரியராக இருந்த ஹால் ராத்மனின் 'நியான் மெட்ரோபொலிஸ்' (2002) வேலைக்கு வந்து வீடு வாங்கியவர்களைக் காட்டுகிறது. உள்ளூர்ப் பாசம் கொஞ்சம் தூக்கல். 2008 வீட்டுக்கடன் சரிவுக்குப் பிறகு ஊரின் மேல் அவர் வைத்த நம்பிக்கையைப் படிக்கச் சங்கடமாக இருக்கிறது.

இந்த நூல்களை வைத்துத் திருமலையில் அளக்க முடியாதது ஒன்று உண்டு: பணம் கட்டிக் கலந்துகொள்ளும் ஆர்ஜித சேவைகள் சிலவற்றுக்கான 'டிப்'. இணையத்தில் பெயர் பதிந்தால் குலுக்கலில் ஆள் எடுப்பார்கள். பெயர் வந்தால்தான் பணம் கட்ட வேண்டும். சூதாட்ட விடுதியில் குலுக்கல் என்பது முதலாளி சம்பாதிக்கும் வழி. இங்கே அது, இருக்கும் சில இடங்களைப் பலரிடையே பங்கிடும் வழி. தோற்றவர் கையைவிட்டு ஒரு ரூபாயும் போவதில்லை. பெயர் வராதபோது எங்கள் வீட்டில் "இன்னும் அவன் கூப்பிடல" என்று விட்டுவிடுவார்கள். அடுத்த மாதம் மறுபடி பதிவார்கள் என்பது வேறு விஷயம்.