தைலப் புட்டி

விடியும் முன்னே கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகள் மலையேறும். அவற்றில் பெண்கள் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஏலம் செடியின் அடித்தூரில் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தே பறிக்க வேண்டும். பொழுது சாய்ந்து வீடு திரும்பினால், இடுப்பு கேட்பது தைலத்தைத்தான்.

யூகலிப்டஸ் தைலமோ, புல் தைலமோ, 1893இல் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனமோ, எதுவும் ஆகும். வலித் தைலத்தில் சேரும் புதினா உப்பு (மென்தால்) தோலைக் குளிரவைப்பதில்லை; குளிரை உணரும் நரம்பைத் தட்டி எழுப்புகிறது. வலி சற்றே ஒதுங்கி நிற்கிறது. அம்மாவின் முதுகில் மகளின் உள்ளங்கை சுழல்கிறதே, அதுவே பாதி மருந்து என்பேன்.

ஒன்று மட்டும்: கற்பூரம் சேர்ந்த தைலத்தை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தடவாதீர்கள்.