இறக்கையில் ஒரு திருப்பம்

திருவனந்தபுரத்தை ஒட்டிய வெள்ளாயணிப் பக்கம் பாகல் பந்தலில் எடுத்த ஈப் படங்களைக் குடும்பவாரியாகப் பிரிப்பதில் எனக்கு ஒரு தனி ருசி. பாகற்பிஞ்சில் முட்டையிடும் பழ ஈயின் இறக்கையில் பழுப்புப் பட்டை இருக்கும். அதே மாதிரி கோலம் போட்ட இறக்கை பிளாட்டிஸ்டொமாட்டிடே குடும்பத்திலும் உண்டு. நிறத்தை நம்பினால் போச்சு! படத்தைப் பெரிதாக்கி, இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி ஓடும் மெல்லிய நரம்பைத் தேட வேண்டும். பழ ஈயில் அது விளிம்பை நெருங்கும்போது சட்டென்று செங்குத்தாகத் திரும்பி மங்கிவிடும். மற்றதில் நிதானமாகச் சாய்ந்து விளிம்பைத் தொடும். அந்தத் திருப்பம் கண்ணில் படும் கணத்துக்காகவே எத்தனை படம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

தேனீ வேஷம் போடும் மலர் ஈயைப் பிடிப்பது சுலபம். இறக்கை நடுவே எதோடும் சேராத ஒரு பொய் நரம்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 1923இல் இந்திய மலர் ஈக்களைத் தொகுத்து நூலாக்கிய என்ரிகோ புருனெட்டி ஓர் இசைக்கலைஞர். கேமரா உதவியில்லாமல், ஊசியில் குத்திய ஈக்களைப் பார்த்தே எழுதினார்.

கஷ்டம் டாக்கினிட் ஈயோடுதான். பார்வைக்கு வீட்டு ஈயேதான். முதுகின் பின்முனைக்கு அடியில் ஒரு சின்னப் புடைப்பு மட்டும் கூடுதல். பக்கவாட்டில் எடுத்த படம் இல்லையென்றால் நேராகச் ‘சந்தேகம்’ கோப்புக்குத்தான் அனுப்புவேன்.