செல்லாக்காசோடு குகையிலிருந்து வந்தவர்

புலம்பெயர்ந்தோர் இலக்கியம் என்று கதைக்கத் தொடங்கினால் நாம் அச்சில் வந்த கவிதைக்கும் சிறுகதைக்கும் அப்பால் போவதில்லை. அந்நிய மண்ணிலிருந்து சொந்த மொழியில் எழுதுவதற்கு ஒரு புதிய களத்தையே திறந்துவிட்டவர்களை இலக்கியக் கணக்கில் சேர்ப்பதா என்ற கேள்விகூட எம்மிடையே எழுந்ததில்லை. ஈரானியரான ஹொசைன் தெரக்ஷான் அப்படிப்பட்ட ஒருவர். 2015ஆம் ஆண்டு யூலையில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய, காப்பாற்றப்படவேண்டிய வலையைப் பற்றிய நீண்ட கட்டுரையை நாம் ஒரு புலம்பெயர் பிரதியாகவே வாசிக்கிறோம்.

1975இல் பிறந்த தெரக்ஷான் தெஹ்ரானில் சீர்திருத்தவாதப் பத்திரிகை ஒன்றில் இன்ரர்நெற் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஈரானிய நீதித்துறை அத்தகைய பத்திரிகைகளைக் கூட்டாக இழுத்து மூடியது. அதே ஆண்டின் இறுதியில் அவர் ரொறொன்ரோவுக்கு வந்துசேர்ந்தார். 2001 செப்ரெம்பரில் பாரசீக மொழியில் தனது வலைப்பதிவைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஆசிரியர்: நானே'. பத்திரிகை ஆசிரியர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சிறைக்குப் போய்க்கொண்டிருந்த நாட்டிலிருந்து வந்தவர் இப்படிப் பெயர் வைத்ததில் குறும்பும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. தானே எழுதி, தானே ரைப் செய்து, தானே தபாலில் சேர்த்த எமது சிறுபத்திரிகைக்காரர்களுக்கு அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை.

ஆனால் அவருடைய முக்கியமான எழுத்து அந்தப் பதிவல்ல என்றே நாம் கருதுகிறோம். அதே ஆண்டு நவம்பரில், பாரசீக எழுத்தில் எவரும் இலவசமாக ஒரு வலைப்பதிவை அமைப்பது எப்படி என்று படிப்படியாக விளக்கும் ஒரு கையேட்டை அவர் எழுதினார். வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்து. ஒரு கொம்பியூட்டரில் தெரிவது மற்றதில் தெரியாத நிலைமை. யூனிகோட் முறையைக் கொண்டு இதை எப்படித் தீர்ப்பது என்பதைத்தான் அந்தக் கையேடு சொன்னது. பாமினி எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் ஆங்கிலக் குப்பையாய்க் கிடந்த கடிதங்களைப் பார்த்த எமக்கு இதன் பெறுமதி தெரியும். 2008இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈரானிய வலைப்பதிவுலகை வரைபடமாக்கியபோது, தொடர்ந்து எழுதப்படும் பதிவுகள் சுமார் 60,000 இருப்பதாக மதிப்பிட்டார்கள். அங்கே அரச எதிர்ப்பாளர்கள் மட்டும் இருக்கவில்லை. மதப்பற்றுள்ள இளைஞர்கள் இருந்தார்கள், ஆட்சியின் ஆதரவாளர்கள் இருந்தார்கள், கவிதைக்கென்றே ஒரு பெரும் கூட்டம் இருந்தது. இத்தனைக்கும் ஒரு தனிமனிதர் காரணமல்ல. எனினும் வாசலைத் திறந்து வைத்தவர்களில் அவர் முதன்மையானவர்.

இனித்தான் சிக்கல் தொடங்குகிறது. 2006இல் கனேடியக் கடவுச்சீட்டோடு அவர் இஸ்ரேலுக்குப் போனார். இரு நாட்டு மக்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கட்டும் என்பது அவருடைய நியாயம். பின்னர் அவர் மறுபக்கம் திரும்பினார். அஹ்மதிநெஜாட் ஆட்சியை ஆதரித்து எழுதினார். அவ்வாட்சியை எதிர்த்த சக ஈரானியர்களைக் கடுமையாகச் சாடினார். இந்த மாற்றத்தை நாம் நியாயப்படுத்த வரவில்லை. 2008 ஒக்ரோபர் இறுதியில் நாடு திரும்பியவர் நவம்பர் தொடக்கத்திலேயே கைதானார். 2010 செப்ரெம்பரில் அவருக்குப் பத்தொன்பதரை வருடச் சிறை விதிக்கப்பட்டது. எந்த அரசுக்காக வாதாடினாரோ அதே அரசு!

பலர் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். ஆனால் அவரால் காயப்பட்டவர்களிடையே தயக்கமும் இருந்தது. அந்தத் தயக்கம் எமக்கு விளங்குகிறது, அதை ஏற்றுக்கொள்ள மட்டும் முடியவில்லை. எமக்குப் பிடித்ததை எழுதுபவனுடைய உரிமைக்காக மட்டும் எழுந்து நிற்பது உரிமைக்கான நிற்பல்ல, கட்சிகட்டல். துரோகி என்ற சொல்லைத் தாராளமாகச் செலவழித்துப் பழகிய சமூகம் எமது. ஈரானியரின் கதையை வேடிக்கை பார்க்கும் தகுதி எமக்கு இல்லை.

ஆறு வருடங்கள் சிறையில் கழித்து, 2014 நவம்பரில் மன்னிப்புப் பெற்று அவர் வெளியே வந்தார். 2015 கட்டுரையின் மையத்தில் குர்ஆனில் வரும் குகைவாசிகளின் கதை இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் உறங்கி எழுந்தவர்களில் ஒருவன் உணவு வாங்கப் போகிறான். அவன் கையிலுள்ள காசு செல்லாக்காசாகிவிட்டது. தனது காசு 'சுட்டி' என்கிறார் தெரக்ஷான். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஆளை அனுப்பும் அந்தச் சிறு இணைப்பு. அவர் வெளியே வந்தபோது பேஸ்புக்கும் இன்ஸ்ரகிராமும் அன்றைய ருவிற்றரும் எல்லோரையும் தத்தமது சுவர்களுக்குள் வைத்திருந்தன. புதியதும் பிரபலமானதும் மட்டும் கண்முன் ஓடும் ஓர் ஆறு. வாசகர் தேடிப்போவதில்லை, ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வலை தொலைக்காட்சியாகிவிட்டது என்பது அவர் முறைப்பாடு. 2015இலேயே இதை இவ்வளவு துல்லியமாகச் சொன்னது கட்டுரையின் பலம். அழுகையோ வீராப்போ இல்லாமல் சிறையைச் சில வரிகளில் கடந்து செல்வதும் பலமே.

எமது விமர்சனம் வேறோர் இடத்தில். கைதாகும் காலத்தில், ஈரானுக்குள் தடை இருந்தும் தனக்கு நாளாந்தம் சுமார் 20,000 வாசகர்கள் இருந்ததாக அவர் எழுதுகிறார். யாருக்குச் சுட்டி கொடுத்தாலும் அவர்களை உயர்த்தவோ சங்கடப்படுத்தவோ தன்னால் முடிந்தது என்றும் சொல்கிறார். கட்டுரை கவனிக்காமல் கடந்துபோகும் வரி இதுதான். பெரிய நிறுவனங்களின் பார்வை ஒரு பக்கத்துக்கு உயிர் கொடுக்கவும் எடுக்கவும் வல்லது என்று கண்டிக்கும் அவர், அதே வல்லமை சிறிய அளவில் தன் கையிலும் இருந்ததை வெறும் பெருமையாகவே நினைவுகூர்கிறார். பொற்காலம் என்று அவர் சொல்வதிலும் சிம்மாசனங்கள் இருந்தன. அதிலொன்றில் இருந்தவர் அவர். யாருக்கும் பெயர் தெரியாத ஒரு பதிவர் இதே ஆறு வருடங்களைப் பற்றி எழுதியிருந்தால், இழப்பின் கணக்கு வேறாக இருந்திருக்கும்.

அதற்காகச் சுட்டியின் பெறுமதி குறைந்துவிடாது. தன்னோடு கடுமையாக முரண்பட்டவர்களும் தன்னை வாசிக்க வந்தார்கள் என்கிறார் அவர். அதுதான் உண்மையில் இழக்கப்பட்டது. எமது சிற்றேடுகளின் கடைசிப் பக்கங்களில் 'கிடைக்கப்பெற்றோம்' என்று ஒரு பட்டியல் வந்தது. மற்றப் பத்திரிகையின் பெயர், விலாசம், விலை. கொம்பியூட்டர் இல்லாத காலத்துச் சுட்டி அது. வாசகர் ஒரு தபால்தலை ஒட்டினால் ஒஸ்லோவிலிருந்து பாரிசுக்கும் பாரிசிலிருந்து ரொறொன்ரோவுக்கும் போய்ச்சேரலாம். எதிரணியின் விலாசத்தையும் போடும் மனம் இருக்கிறதா என்பதே ஓர் ஆசிரியருக்கான பரீட்சை. அந்த மனத்தை எந்த நிறுவனமும் எம்மிடமிருந்து பறிக்கவில்லை. அதை வைத்திருப்பதும் விடுவதும் இன்றும் எமது கையில்தான் இருக்கிறது.