சட்டியும் சஷ்டியும்: பழமொழிக்கு ‘உண்மைப் பொருள்’ காணல்

பழமொழிகளின் இன்றைய வடிவம் திரிந்தது என்றும், அவற்றின் ‘உண்மைப் பொருள்’ வேறு என்றும் விளக்கும் போக்கு மேடைகளிலும் இதழ்களிலும் வேரூன்றிவிட்டது. ‘சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்’ என்பதற்குச் சஷ்டியில் நோன்பிருந்தால் அகப்பையாகிய கருப்பையில் குழந்தை உண்டாகும் என்பதே மூலம் என்பர். கேட்கச் சுவையான இவ்விளக்கம் மொழியியல் நோக்கில் நிற்பதில்லை.

‘சஷ்டி இருந்தாள்’, ‘சஷ்டி விரதம் இருந்தாள்’ என்பனவே வழக்கு. நோன்புப் பொருளில் ‘சஷ்டியில் இருந்தாள்’ என்பார் இலர். கரு தங்கும், உண்டாகும். ‘வரும்’ என்னும் வினை அங்கு இயல்பாகப் பொருந்துவதில்லை. கருப்பையை அகப்பை என்னும் பேச்சுவழக்கும் இல்லை. இவற்றினும் முதன்மையானது ‘தானே’ என்பது. ‘இருந்தால்தானே’ என்றவுடன் ‘இல்லை’ என்பது குறிப்பாகப் பெறப்படும். எனவே சஷ்டி விளக்கத்தை ஏற்பின், அறிவுரை எனப்படும் தொடர், நோன்பிருக்காத பெண்ணைக் குத்திக்காட்டும் சொல்லாகிவிடும். விளக்கம் தருவோர் இதனைக் கருதியதாகத் தெரியவில்லை.

‘மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா’ என்பதன் நிலை சற்றே வேறு. குதிர் என்பதை மணல்திட்டு எனக் கொண்டு, ‘குதிரை’ அதன் இரண்டாம் வேற்றுமை வடிவம் என்பர். இலக்கணம் இதற்கு இடந்தருகிறது. ஆயினும் ஊரெல்லையில் ஐயனாரின் மண்குதிரைகளைக் கண்டு வளர்ந்தவர்க்கு இத்திருத்தம் தேவைப்படுவதில்லை.

முதுமொழியைக் கூறுமிடத்துத் தொல்காப்பியம் அதன் பிறப்பை ஆராயவில்லை; கருதிய பொருளை நிறுவுதற்குக் காரணமாக வருவது எனப் பயன்பாட்டையே சுட்டுகிறது. பிற்காலத் தொகுப்புகளில் இந்நோக்கு முதன்மை பெறவில்லை. பெர்சிவல் 1874-இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளை அகரநிரலில் தந்தார். ஜென்சன் 1897-இல் பொருள்வாரியாக வகுத்தார். யார், யாரிடம், எப்போது சொல்வது என்பதே மொழிபெயர்ப்பாளர்க்கு வேண்டுவது.

உரையாடலில் பழமொழி முழுமையாக வருவதும் அரிது. கல்லூரிக் கட்டணம் கேட்கும் மகனிடம் தந்தை ‘சட்டியில இருந்தாத்தானே’ என்று நிறுத்துகிறார். எஞ்சியதை மகன் அறிவான். அதே அரைத்தொடரை, வினாவுக்கு விடை தெரியாத ஆசிரியரைக் குறித்து மாணவன் தன் தோழனிடம் சொல்கிறான். முன்னதில் இயலாமை, பின்னதில் ஏளனம். பெறுமொழியில் நிகரான பழமொழியொன்றைத் தேடி இரண்டிடத்தும் முழுமையாக இட்டால், தந்தையின் தயக்கமும் மாணவனின் குறும்பும் ஒருசேர மறையும். தந்தையின் கூற்றுக்குப் பழமொழியே வேண்டா; முடிவுறாத ஓர் எளிய தொடர் போதும்.