தாய்மொழித் தொடக்க வாசிப்பும் பார்வைச் சொற்பட்டியலும்

1. முன்னுரை

எழுத்துக்கூட்டாமல் கண்டவுடன் அறிந்துகொள்ளும் சொற்கள் ‘பார்வைச் சொற்கள்’ எனப்படுகின்றன. ஆங்கிலத்துக்கென 220 சொற்கள் கொண்ட பட்டியலை எட்வர்டு டால்ச் 1936இல் வெளியிட்டார். பெயர்ச்சொற்களை அவர் அதில் சேர்க்கவில்லை. 1957இல் எட்வர்டு ஃபிரையின் பட்டியல் வெளிவந்தது. தாய்மொழிவழித் தொடக்கக் கல்வியை 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வலியுறுத்திய பின்னர், இந்திய மொழிகளுக்கு இத்தகைய பட்டியல்கள் பொருந்துமா என்னும் வினா முன்னிலும் முக்கியமாகிறது. அவ்வினாவைத் தமிழை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஆங்கிலப் பட்டியலின் அடிப்படை

ஆங்கிலப் பட்டியலுக்கு இரு காரணங்கள் உள்ளன. ஒன்று, ‘தி’, ‘ஆஃப்’, ‘டு’, ‘ஃப்ரம்’ போன்ற இலக்கணச் சொற்கள் தனிச்சொற்களாக நின்று பக்கந்தோறும் வருகின்றன. மற்றொன்று, ‘வாஸ்’, ‘செட்’ போன்றவற்றின் ஒலிப்பும் எழுத்தும் ஒத்துவருவதில்லை. அடிக்கடி வருவதும் எழுத்துக்கூட்ட இயலாததுமான சொல்லை உருவமாக நினைவில் இருத்துவது அங்கு பயனுடையதாகக் கருதப்பட்டது.

இந்தியில் இந்நிலை ஓரளவு உண்டு. ‘மே’, ‘சே’, ‘கோ’ போன்ற வேற்றுமைக் குறிகள் பெயர்ச்சொல்லிலிருந்து பிரித்து எழுதப்படுகின்றன. தமிழின் நிலை வேறு. ‘வீட்டிலிருந்து’ என்பது ஒரே சொல். ‘அம்மாவும் அப்பாவும்’ என்பதில் இணைப்புப் பொருள் தருவது ‘உம்’ என்னும் இடைச்சொல். அது தனித்து நிற்பதில்லை. எனவே ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்த்தால், அதிலுள்ள இலக்கணச் சொற்கள் பலவற்றுக்குத் தமிழில் தனிச்சொல்லே கிடைக்காது. விகுதிகளும் உருபுகளுமே கிடைக்கும்.

3. எண்ணிக்கையில் எழும் சிக்கல்

அடிக்கடி வரும் சொற்களை எண்ணிப் பட்டியலிடுவதும் எளிதன்று. ‘மரம்’, ‘மரத்தை’, ‘மரத்தில்’, ‘மரங்கள்’ ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணினால் ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் குறைந்து, பழகிய சொல்லே பட்டியலிலிருந்து விடுபடக்கூடும். ஒன்றாகச் சேர்த்து எண்ணினால், பட்டியலில் ‘மரம்’ என்று கற்ற குழந்தை ‘மரத்தை’ என்பதைப் பக்கத்தில் எதிர்கொள்ளும்போது தடுமாறும். சுட்டுச்சொல்லாகிய ‘அந்த’ என்பதும் ‘அந்தக் குடை’, ‘அந்தச் செடி’, ‘அந்தத் தட்டு’, ‘அந்தப் பை’, ‘அந்த மரம்’ என ஐந்து வடிவங்களில் வருகிறது. ‘வந்துகொண்டிருந்தான்’ என்பதைச் சிலர் சேர்த்தும் சிலர் பிரித்தும் எழுதுகின்றனர்.

தரவின் இயல்பும் கருதத்தக்கது. செய்தித்தாள்களை எண்ணினால் ‘மற்றும்’ முன்வரிசையில் வரும். ஐந்து வயதுக் குழந்தையின் பேச்சில் அச்சொல் இல்லை. பெரியோர் எழுத்திலிருந்து எடுத்த பட்டியல் சிறுவர் வாசிப்புக்கு அளவுகோலாகாது.

4. தமிழில் உருவமாக அறிய வேண்டியவை

தமிழில் ஒலிப்பு பெரும்பாலும் எழுத்தின் இடத்தால் தெளிவாகிறது. ‘படம்’, ‘பம்பரம்’ ஆகியவற்றில் பகரத்தின் ஒலி வேறுபடினும் அதற்கு ஒழுங்கு உண்டு. விதிவிலக்குகள் சில உள்ளன. ‘குடை’ என்பதன் முதலெழுத்துப் போலன்றிக் ‘குண்டு’ என்பதன் முதலெழுத்து ஒலிக்கிறது; ‘பல்’, ‘பல்பு’ ஆகியவையும் அவ்வாறே. இவை குழந்தை நாள்தோறும் கேட்கும் சொற்கள். இத்தகையனவே தமிழுக்குரிய பார்வைச் சொற்களாகத் தகுதி பெறுகின்றன.

இரட்டை வழக்கும் இதனுடன் தொடர்புடையது. வீட்டில் ‘இருக்கு’ எனக் கேட்கும் குழந்தை பாடநூலில் ‘இருக்கிறது’ என்று காண்கிறது. எழுத்துகளைக் கூட்டினாலும் அது அறிந்த சொல்லாகத் தோன்றுவதில்லை. இத்தகைய வடிவங்களை முதலில் கேட்டுப் பழகச் செய்து, பின்னர்க் கண்ணுக்குப் பழக்குதல் வேண்டும்.

5. மதிப்பீடு

விரைந்து அறிதல் தேவையில்லை என்பது இதன் பொருளன்று. சொல்லறிதல் தன்னியல்பானால்தான் கவனம் பொருளின்மேல் செல்லும் என லபெர்ஜும் சாமுவேல்சும் 1974இல் விளக்கினர். ஆனால் அத்திறன் எழுத்தொலி உறவின் வழியாகவே உறுதிப்படுகிறது என்பது லினியா எரியின் ஆய்வுகளின் சாரம். கன்னடக் குழந்தைகள் எழுத்துத் தொகுதி முழுவதையும் கற்கச் சில ஆண்டுகள் ஆகின்றன என்பதைச் சோனாலி நாகின் 2007ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. தமிழில் 247 எழுத்துகளையும் முடித்த பின்னரே வாசிப்பு என்று காத்திருத்தல் பொருந்தாது. பட்டியலை மனப்பாடமாக்கி வாசிப்பெனக் கொள்வதும் பொருந்தாது.

ஐம்பது சொற்களை ஒப்பிக்கும் குழந்தை புதிய சொல்லின் முன் நின்றுவிட்டால், அதன் குறை பட்டியலால் மறைக்கப்படுகிறது. ஆசிரியர் அதனை அறியும்போது காலம் கடந்துவிடும்.

6. முடிவுரை

தமிழுக்கான பட்டியல் சிறுவர் நூல்களிலிருந்தும் சிறுவர் பேச்சிலிருந்தும் தொகுக்கப்பட வேண்டும். சொல்லோடு அதன் உருபேற்ற வடிவங்களும், அடிக்கடி வரும் விகுதிகளும், ஒலிப்பில் விதிவிலக்கான சொற்களும் தனித்தனியே இடம்பெற வேண்டும். அப்பட்டியல் தேர்வுத்தாளாகப் பயன்படாமல், ஆசிரியருக்கும் பாடநூல் எழுதுவோருக்கும் வழிகாட்டியாக அமைவதே தக்கது.